மருதையாற்றுப் பாலமும் தலைமுறைகளின் நினைவும்

சென்ற ஆண்டு நம் கல்லூரியில் உஸூலுல் ஹதீஸ் பாடம் நடந்துகொண்டிருந்தது. அறிவிப்பாளர் தொடரை ஆராயும் விதிகளை மாணவர்களுக்கு விளக்குவதற்காக ஒரு சிறு பயிற்சி கொடுத்தோம். தாம் பிறப்பதற்கு முன்பு தம் ஊர்ப்பகுதியில் நடந்த ஏதேனும் ஒரு நிகழ்ச்சியை, யாரிடம் கேட்டோம், அவர் யாரிடம் கேட்டார் அல்லது நேரில் கண்டாரா என்ற விவரத்துடன் சொல்ல வேண்டும் என்பதே பயிற்சி. அரியலூர்ப் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்த ஒரு மாணவர் எழுந்து, தம் நன்னி சொன்னதாக இவ்வாறு கூறினார்: "மருதையாற்றுப் பாலத்தில் வெடி வைத்துவிட்டார்கள், ஹஜ்ரத். ஞாயிற்றுக்கிழமை அன்று. ஆற்றில் பெருவெள்ளம். ரயில் வெள்ளத்தில் விழுந்து நூற்றைம்பது பேர் இறந்துபோனார்கள். அதற்காகத்தான் லால்பகதூர் சாஸ்திரி மந்திரி பதவியை விட்டார்."

வகுப்பில் ஒருவரும் மறுக்கவில்லை. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களைச் சேர்ந்த மாணவர்கள் பத்துக்கும் மேற்பட்டோர் அங்கிருந்தனர். அவர்களும் ஏறத்தாழ அப்படியே கேட்டிருந்தனர். அந்த மாணவர் பொய் சொல்லவில்லை. அவருடைய நன்னியும் பொய் சொல்லியிருக்க மாட்டார். அவர் கூறியவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தால் அனைத்தும் மெய்யானவை. ஆனால் ஒன்றுசேர்ந்த அந்தச் செய்தி ஒருபோதும் நடக்காதது.

நடந்தவை இரண்டு. பச்சைமலையில் தோன்றிப் பெரம்பலூர், அரியலூர்ச் சீமையின் ஊடாக ஓடிக் கொள்ளிடத்தில் கலக்கும் மருதையாற்றின் மீது, அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே ரயில் பாலம் உள்ளது. 1956 நவம்பர் 23ஆம் நாள் அதிகாலை, வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் பாலத்தருகே கரையை அரித்துச் சென்றிருந்த நிலையில், சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற விரைவு வண்டி அங்கே வீழ்ந்தது. ஏறத்தாழ நூற்றைம்பது பேர் உயிரிழந்தனர். அதே ஆண்டில் மகபூப்நகரில் நடந்த விபத்தின்போதே பதவி விலக முன்வந்து, பிரதமர் நேரு இசையாததால் தொடர்ந்திருந்த ரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி, அரியலூர் விபத்துக்குப் பின் விலகியே தீர்வதென்று விலகினார். இது முதலாவது.

இரண்டாவது, 1987 மார்ச் 15இல் நடந்தது. சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே ஓடிய மலைக்கோட்டை விரைவு வண்டி அதே மருதையாற்றின் பாலத்தில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தமிழ்நாடு விடுதலைப் படை என்னும் தீவிரவாதக் குழுவின்மீது இக்குற்றம் சாட்டப்பட்டது. அக்குழுவின் தலைவர் தமிழரசன் அதே ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் பொன்பரப்பியில் வங்கிக் கொள்ளை முயற்சியின்போது பொதுமக்களால் அடித்துக் கொல்லப்பட்டார்.

மார்ச் மாதத்து மருதையாற்றைப் பார்த்தவர் எவரும் அதில் பெருவெள்ளம் வந்ததாகச் சொல்லத் துணியமாட்டார். 1987இல் சாஸ்திரி மறைந்து இருபத்தொரு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1956 நவம்பர் 23 வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நாள். ஞாயிற்றுக்கிழமை என்பது 1987 மார்ச் 15க்கு உரியது. காலக்கணக்கைக் கொண்டு அறிவிப்பைச் சோதிப்பது ஹதீஸ் கலை அறிஞர்களின் தொன்மையான முறை. ஒருவர் இன்னாரிடம் கேட்டேன் என்றால், இவர் பிறந்த ஆண்டென்ன, அவர் இறந்த ஆண்டென்ன என்று முதலில் வினவினார்கள். அந்த முறையைக் கையாண்டபோது இரு நிகழ்ச்சிகளும் மாணவர்களின் கண்முன்னே தனித்தனியாகப் பிரிந்தன. ஆனால் நம் உள்ளத்தில் வேறொரு கேள்வி எழுந்தது. அந்த நன்னியின் தலைமுறைக்கும் நம் தலைமுறைக்கும் இந்த மாணவர்களின் தலைமுறைக்கும் 'அரியலூர்' என்னும் ஒரே சொல் எவ்வாறு மூன்று வெவ்வேறு பொருள்களைத் தருகிறது? இக்கட்டுரை அதைப் பற்றியதே.

ஆண்டுகளுக்கு எண் இடுவதற்கு முன் மக்கள் அவற்றுக்குப் பெயர் இட்டார்கள். அரபுகள் அப்ரஹாவின் படையெடுப்பை வைத்து 'ஆமுல் ஃபீல்', யானை ஆண்டு என்றனர். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பிறப்பையும் அந்த ஆண்டைக் கொண்டே குறித்தனர். கதீஜா நாயகியாரும் அபூதாலிபும் மறைந்த ஆண்டு 'ஆமுல் ஹுஸ்ன்', துயர ஆண்டு எனப்பட்டது. ஹிஜ்ரி 18இல் மழை பொய்த்து மண் சாம்பலாய்ப் பறந்த பஞ்சம் 'ஆமுர் ரமாதா' ஆயிற்று. மக்கள் பசித்திருக்கையில் நெய்யையும் இறைச்சியையும் உமர் (ரலி) அவர்கள் தவிர்த்துக்கொண்டது அந்த ஆண்டில்தான். தமிழகத்திலும் 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும்பஞ்சத்தைத் 'தாது வருஷப் பஞ்சம்' என்றே மூன்று தலைமுறைகள் சொல்லி வந்தன. இத்தகைய பெயர் ஓர் ஆண்டைக் குறிப்பதோடு நிற்பதில்லை. அதைச் சொல்லிப் புரிந்துகொள்வோர் யார், விளக்கம் கேட்போர் யார் என்பதையும் காட்டிவிடுகிறது. 'யானை ஆண்டில் நான் சிறுவன்' என்று ஒருவர் சொன்னபோது மேலும் விளக்கம் தேவைப்படாதவர்கள் எவரோ அவர்களே அவருடைய தலைமுறையினர்.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், ஹிஜ்ரி 17ஆம் ஆண்டளவில், நிலையான ஆண்டுக்கணக்கு ஒன்று வேண்டுமெனத் தோழர்கள் கலந்தாலோசித்தனர். நபியவர்களின் பிறப்பிலிருந்து தொடங்கலாம், நபித்துவத்திலிருந்து தொடங்கலாம், மறைவிலிருந்து தொடங்கலாம் எனக் கருத்துகள் வந்தன. இறுதியில் தேர்ந்தெடுக்கப்பட்டது ஹிஜ்ரத். பிறப்பும் நபித்துவமும் நபியவர்களுக்கு உரியவை. ஹிஜ்ரத்தோ அந்த அவையில் அமர்ந்திருந்த பலரும் வீடு துறந்து தாமே நடந்து கடந்த வழி. மற்றவர்கள் வாயிற்கதவைத் திறந்து வரவேற்ற வழி. கூட்டாக வாழ்ந்த ஒரு நினைவையே அவர்கள் காலத்தின் தொடக்கமாக வைத்தார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது.

தலைமுறை என்பதற்கு நம் மரபில் வழங்கும் சொல் 'தபகா'. இப்னு ஸஅதின் பெருநூல் இச்சொல்லாலேயே பெயர் பெற்றது. இப்னு ஹஜர் தம் 'தக்ரீப்' நூலில் அறிவிப்பாளர்களைப் பன்னிரண்டு தபகாக்களாக வகுக்கிறார். இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. நபித்தோழர் யார் என்பதற்கு இலக்கணம் கூறும்போது அறிஞர்கள் பிறந்த ஆண்டைக் கூறவில்லை. ஈமானுடன் நபியவர்களைச் சந்தித்து, ஈமானுடனேயே மறைந்தவர் ஸஹாபி; ஸஹாபியைச் சந்தித்தவர் தாபியீ. அதே காலத்தில் வாழ்ந்தும் சந்திக்கும் பேறு பெறாதவரை 'முஃக்ளரம்' என்று தனியே வகைப்படுத்தினர். ஒத்த வயதினர் என்பதால் மட்டும் ஒரே தபகாவினர் ஆகிவிடுவதில்லை. எதைக் கண்டார்கள், யாரோடு இருந்தார்கள் என்பதே வரையறை.

மேலை நாட்டினர் இதே இடத்துக்கு வேறு வழியில் பிற்காலத்தில் வந்து சேர்ந்தனர். பிரெஞ்சு அறிஞர் மாரிஸ் ஹால்ப்வாக்ஸ் 1925இல் வெளியிட்ட நூலில், தனிமனிதன் தன் நினைவென்று கருதுவதும் குடும்பம், ஊர், சமயம் ஆகிய கூட்டங்களின் சட்டத்துக்குள் நின்றே நினைக்கப்படுகிறது என்று நிறுவினார். நாஜிகளின் புக்கன்வால்ட் முகாமில் 1945இல் உயிரிழந்தவர் அவர். 1928இல் கார்ல் மன்ஹைம், ஒரே காலத்தில் பிறந்தோர் அனைவரும் ஒரு தலைமுறையல்லர், இளமையில் ஒரே வரலாற்றுச் சூழலில் தோய்ந்தவர்களே தலைமுறை என எழுதினார். அமெரிக்காவில் ஹோவார்ட் ஷூமன், ஜாக்குலின் ஸ்காட் இருவரும் 1989இல் வெளியிட்ட ஆய்வும் இதை ஒட்டியே அமைந்தது. 'மிக முக்கியமான நிகழ்ச்சி எது?' என்று கேட்டால் மக்கள் பெரும்பாலும் தம் பதின்பருவத்திலும் இருபதுகளின் தொடக்கத்திலும் நடந்ததையே குறிப்பிடுகின்றனர் என்று அவர்கள் கண்டனர்.

நம்மை நாமே சோதித்துப் பார்த்தோம். 1987இல் நாம் மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த மாணவர். பெரம்பலூருக்கு அன்றும் ரயில் இல்லை, இன்றும் இல்லை. ரயிலேற வேண்டுமெனில் அரியலூருக்குத்தான் செல்லவேண்டும். பாலத்தில் வெடி என்ற செய்தி வந்த வாரம், விடுதியில் யார் பயணத்தில் இருக்கிறார் என்று பெயர் பெயராக எண்ணிப் பார்த்தோம். அதன்பின் பல மாதங்கள், அரியலூரிலிருந்து வருகிறேன் என்று வெளியூரில் சொன்னால் ஒரு கணம் தயங்கிப் பார்த்தார்கள். நம் வயதொத்தவர், இந்துவாயினும் கிறிஸ்தவராயினும் முஸ்லிமாயினும், அந்தப் பார்வையை இன்றும் மறக்கவில்லை. எனினும் நம் தலைமுறையின் இந்த நினைவு ஒருமுகப்பட்டதன்று. இறந்தவரின் இல்லத்தார்க்கு அது கொலை. தமிழரசனைப் போற்றுவோர்க்கு அது பேசாமல் கடக்கவேண்டிய இடம். பகிர்ந்த நினைவு என்பதற்காக ஒத்த நினைவு என்று பொருளில்லை. ஒன்றைப் பற்றி எதிரெதிராக நின்று வழக்காடுவோரும் அவ்வழக்கினாலேயே ஒரு தலைமுறையாகின்றனர்.

நமக்கு முந்தியவர்க்கு அரியலூர் என்றால் வெள்ளம், கயிறு, கட்டைவண்டி, அடையாளம் தெரியாத உடல்கள். அத்துடன் அரசியலும் உண்டு. அன்று ரயில்வே துணை அமைச்சராக இருந்த ஓ.வி. அழகேசனின் பெயரோடு எதுகையாக இணைத்துக் கட்டிய ஒரு முழக்கம், தி.மு.க. முதன்முதலாகப் போட்டியிட்ட 1957 தேர்தலில் ஊரூராக ஒலித்தது. அந்நாளில் அதைக் கத்தித் திரிந்த சிறுவர்கள் எண்பது வயதை நெருங்குகின்றனர். கேட்டால் இன்றும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகின்றனர்.

நம் மாணவர்களுக்கோ அரியலூர் என்றால் குழுமூர் அனிதா. பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றும் நீட் தேர்வால் மருத்துவக் கல்லூரிக் கதவு அடைபட்ட, உச்ச நீதிமன்றம்வரை தம் வழக்கைக் கொண்டுசென்ற, சுமைதூக்கும் தொழிலாளியின் மகள். 2017 செப்டம்பர் 1ஆம் நாள் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்ட செய்தி வந்தபோது இம்மாணவர்கள் பள்ளிச் சிறார். அவர்களின் அக்காமார் பிளஸ் டூவை எதிர்நோக்கியிருந்தனர். அந்தப் பெயரைச் சொன்னதும் வகுப்பில் ஏற்பட்ட அமைதிக்கு எவ்வித விளக்கமும் தேவைப்படவில்லை. யானை ஆண்டின் பொருள் அதுதான்.

நாட்டின் நினைவில் அரியலூர் வேறொன்றாக உள்ளது. 1999இல் கெய்சாலில் ரயில்கள் மோதி நிதீஷ் குமார் பதவி விலகியபோதும் சரி, 2023 ஜூனில் ஒடிசாவின் பாலாசோரில் விபத்து நேர்ந்தபோதும் சரி, நாளிதழ்கள் அரியலூரை நினைவுகூர்ந்தன. ஆனால் நினைக்கப்பட்டவர் சாஸ்திரி. ஒரு நேர்மையாளரின் பெருமைக்கு மேற்கோளாக ஓர் ஊர் சுருங்கிவிட்டது. நூற்றைம்பது பேரும் அம்மேற்கோளின் அடிக்குறிப்பாகிவிட்டனர். சாஸ்திரியின் பெருமையை நாம் குறைத்துக் கூறவில்லை. இறந்தவர்களின் பேரர்கள் இதைப் படிக்கும்போது என்ன நினைப்பார்கள் என்றே எண்ணுகிறோம்.

இன்னுமொரு விந்தை. பழைய திருச்சி மாவட்டத்திலிருந்து 1995இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. அதிலிருந்து 2001இல் அரியலூர் பிரிந்து, 2002இல் மீண்டும் இணைந்து, 2007இல் மறுபடி பிரிந்தது. ஒரே தெருவில் அசையாமல் குடியிருந்த குடும்பத்தில், தந்தையின் சான்றிதழில் ஒரு மாவட்டமும் மகனுடையதில் இன்னொன்றும் பேரனுடையதில் வேறொன்றுமாக இருப்பதை நிகாஹ் பதிவேட்டில் நாம் அடிக்கடி காண்கிறோம். அரியலூர் இறுதியாகத் தனி மாவட்டமான நாள் 2007 நவம்பர் 23. ரயில் கவிழ்ந்து சரியாக ஐம்பத்தோராம் ஆண்டு நிறைவு நாள். இன்றைய இளையோர்க்கு அது மாவட்டம் பிறந்த நாள். ஒரே தேதி ஒரு தலைமுறைக்குத் துக்கநாளாகவும் மற்றொன்றுக்குப் பிறந்தநாளாகவும் இருப்பதில் தவறில்லை. முன்னது அறியப்படாமலே பின்னது கொண்டாடப்படுவதுதான் நம்மை உறுத்துகிறது.

இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் ஒரு நுட்பம் கூறுகிறார். இஸ்ரவேலர் 'தீஹ்' பாலையில் நாற்பது ஆண்டுகள் அலைந்ததாகத் திருக்குர்ஆன் (5:26) கூறுவதை எடுத்துக்கொண்டு, எகிப்தில் அடிமைத்தனத்தைச் சுவைத்துப் பழகிய தலைமுறை மறைந்து, அதை அறியாத புதிய தலைமுறை எழுவதற்கே அக்காலம் தேவைப்பட்டது என விளக்கி, ஒரு தலைமுறை மாறும் அளவு நாற்பது ஆண்டு என்று கணக்கிடுகிறார். அவருடைய நோக்கில் மறதி அங்கே ஓர் அருளாகவே செயற்பட்டது. ஆனால் அதே அறிஞர் அரச குலங்களைப் பற்றிப் பேசுமிடத்தில், கட்டி எழுப்பியவர், அவரிடம் நேரில் கேட்டவர், கேட்டதைப் பின்பற்றியவர், எதுவுமறியாது தமக்கு இயல்பாகவே உரியதென எண்ணியவர் என்று நான்கு படிகளைக் காட்டி, நான்காமவரிடத்தில் அனைத்தும் அழிகிறது என்கிறார். முதல்வர் கண்டார், இரண்டாமவர் கேட்டார், இருவர்க்குமிடையே உள்ள இடைவெளி கற்றவனுக்கும் பட்டவனுக்கும் உள்ள இடைவெளி. இவ்விரு கருத்துகளையும் சேர்த்தே படிக்கவேண்டும். எதை மறப்பது, எதைக் கைமாற்றுவது என்பதைக் காலத்திடம் விட்டுவிட்டால், அது நன்னியின் கதையில் செய்ததைத்தான் செய்யும்.

நன்னியின் பிழைக்கு ஹதீஸ் கலையில் ஒரு பெயருண்டு: இக்திலாத். நம்பகமான அறிவிப்பாளர், முதுமையினாலோ வேறு காரணத்தாலோ செய்திகளை ஒன்றோடொன்று கலந்துவிடும் நிலை. அதா இப்னு சாயிப் போன்றோர் இதற்கு உதாரணமாகச் சொல்லப்படுவர். அறிஞர்கள் அத்தகையோரைப் பொய்யர் என்று தள்ளவில்லை. கலப்பு நேர்வதற்கு முன் கேட்டவர் யார், பின் கேட்டவர் யார் என்று பிரித்து, முன்னதை ஏற்றனர். முதியோரின் வாய்மொழியை அப்படியே விழுங்குவோரும் 'கிழவி கதை' என்று ஒதுக்குவோரும் கற்கவேண்டிய மரியாதை அது.

எழுத்து துணைநின்றால் கலப்பு குறையும். நம் பாட்டனார் அரியலூரில் பருத்தி, மிளகாய் வணிகம் செய்தவர். அவருடைய கணக்கேட்டின் ஓரங்களில் குடும்பச் செய்திகளை அரபுத்தமிழில், அதாவது தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளிகள் கூட்டிய அரபு எழுத்தில், குறித்துவைத்திருந்தார். ஹிஜ்ரி 1376 ரபீயுல் ஆகிர் மாதக் குறிப்பு ஒன்று, ரயில் கவிழ்ந்த ஜும்ஆவுக்கு அடுத்த திங்களன்று மகள் பிறந்தாள், மருத்துவச்சி வர வழியில்லை, ஆறு இன்னும் வடியவில்லை என்று சொல்கிறது. அந்த மகள், நம் தந்தையாரின் கடைசித் தங்கை, பள்ளியில் சேர்த்த ஆசிரியர் உத்தேசமாக இட்ட பிறந்த தேதியையே ஆயுள் முழுவதும் சுமந்தவர். இக்குறிப்பை நாம் படித்துக் காட்டியபோது அவர் தம் வயதைவிட, 'மருத்துவச்சி வரலையா?' என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தக் கணக்கேட்டை வாசிக்கத் தெரிந்தவர் நம் குடும்பத்தில் இப்போது நாம் ஒருவரே. லப்பைக்குடிக்காட்டிலும் வ.களத்தூரிலும் இத்தகைய ஏடுகள் பரணில் உள்ள வீடுகள் பல இருக்கும். வாசிக்கத் தெரியாததால் குர்ஆன் வசனமென்று கருதிக் கண்ணில் ஒற்றி மீண்டும் வைத்துவிடுகின்றனர். சிலர் கண்ணியமாக ஆற்றில் விட்டுவிடுகின்றனர்.

நம் சமுதாயத்திற்கே உரிய நினைவு அடுக்குகளும் உண்டு. 1990 ஆகஸ்ட் 2இல் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியதும், ஏறத்தாழ 1,70,000 இந்தியர் பெரும்பாலும் அம்மான் வழியே விமானங்களில் திரும்பியதும் ஏட்டிலுள்ள வரலாறு. சபுராளிகளின் வீடுகளில் அது 'குவைத் சண்டை வருஷம்'. கணவரின் குரல் பதிந்த ஒலிநாடா வருவது நின்றுபோன வருஷம். 1992 டிசம்பர் 6ஐ நம் தலைமுறை எங்கே நின்றுகொண்டு கேட்டது என்பதை ஒவ்வொருவரும் சொல்வர். ஆனால் இங்கே ஒன்றை ஒளிக்காமல் கூறவேண்டும். நம் மாணவர்களில் பலர் தொலைதூரத்து நிகழ்ச்சிகளை, அவற்றின் நாள், கிழமை, எண்ணிக்கையுடன் ஒப்பிக்கின்றனர். உம்மத்தின் துயரில் பங்குகொள்வது ஈமானின் பகுதியே. எனினும் கைப்பேசித் திரையில் வந்த துயர் மட்டுமே நினைவாகவும், பக்கத்து ஆற்றில் பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து பிணம் எடுத்த பாட்டனாரின் நாள் அறியாததாகவும் இருக்கும் இளைஞன் தன்னை யாரென்று அறிவான்? திரை தரும் நினைவில் அவன் கண்டவனாக மட்டுமே இருக்கிறான். மருதையாற்றில் அவன் வீட்டார் கயிறு பிடித்தவர்கள். அந்த வெள்ளத்தில் கயிறு பிடித்த கைகளை மார்க்கம் பார்த்து எவரும் பிரிக்கவில்லை என்பதும் அந்நினைவோடு சேர்ந்தே வரும் செய்தி. அது தொலைந்தால் இதுவும் தொலையும்.

தொலைந்தபின் எஞ்சுவது எப்படியிருக்கும் என்பதற்கு வாலிகண்டபுரமும் ரஞ்சன்குடிக் கோட்டையும் சான்று. 1751இல் பிரெஞ்சுத் துணையுடன் சந்தா சாகிபின் படையும், ஆங்கிலத் துணையுடன் முகம்மது அலியின் படையும் அங்கே மோதின. ஊர்மக்கள் ஓடியிருப்பர், ஒளிந்திருப்பர். இன்று எந்த வீட்டிலும் அதுபற்றி ஒரு சொல் இல்லை. கல் இருக்கிறது, பாடநூல் இருக்கிறது, அறிவிப்பாளர் இல்லை.

அந்த மாணவரை விடுமுறையில் நன்னியிடம் மீண்டும் அனுப்பினோம். 'வெள்ளம் வந்தபோது உங்களுக்கு என்ன வயது? வெடி வைத்தபோது யார் பிள்ளை எந்த வகுப்பு?' என்ற இரு கேள்விகளை மட்டும் கேட்கச் சொன்னோம். திரும்பி வந்து இரண்டு தனித் தாள்களை நீட்டினார். முதல் தாளில்: நன்னிக்குப் பத்து வயது, நேரில் காணவில்லை, அவருடைய அத்தா ஊராரோடு கயிறு எடுத்துக்கொண்டு போனார், இரண்டாம் நாள் இரவு வந்து, குளித்துவிட்டு, யாரோடும் பேசாமல் படுத்துக்கொண்டார், அந்தக் கயிற்றை அதன்பின் கிணற்றுக்குப் பயன்படுத்த அவர் விடவில்லை. இரண்டாம் தாளில்: மூத்த மகன் பத்தாவது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான், ஞாயிற்றுக்கிழமை, ஆற்றில் தண்ணீரே இல்லை.

முதல் தாளின் அறிவிப்பாளர் தொடரில் நன்னியின் பெயரையும் அவருடைய அத்தாவின் பெயரையும் எழுதியிருந்தார். தம் பெயரை எழுதவில்லை. தொடர் உங்களிடமிருந்தல்லவா தொடங்கவேண்டும் என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தோம்.